மார்க் ட்வைன்: மறைந்தவரும் மறைக்கப்பட்டவரும்

1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரெடிங் என்னும் சிற்றூரில், தம் 74ஆம் வயதில் மார்க் ட்வைன் காலமானார். அப்போது ஹாலியின் வால்நட்சத்திரம் கதிரவனுக்கு மிக அண்மையில் வந்திருந்தது. 1835ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பிறந்த காலத்திலும் அது வந்திருந்தது. அதனோடு உலகுக்கு வந்த தாம் அதனோடே போய்விடக்கூடும் என்று முந்தின ஆண்டே அவர் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். ஆகவே பத்திரிகைகளுக்கு நல்லதொரு செய்தி கிடைத்தது. அமெரிக்காவின் ஒப்பற்ற நகைச்சுவை ஆசிரியர் மறைந்தார் என்று நாடு முழுவதும் எழுதின.

அன்றைய ஜனாதிபதி வில்லியம் ஹோவர்டு டாஃப்ட் வெளியிட்ட இரங்கல் செய்தி கவனிக்கத்தக்கது. மக்களை மகிழ்வித்தவர் என்று ட்வைனைப் பாராட்டிய டாஃப்ட், தந்தை ஒருவர் தம் மகளுக்குப் படித்துக் காட்டக் கூசும் வரி ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை என்றும் சொன்னார். இரங்கல் செய்தி என்ற அளவில் இது பழுதற்றதே. ஆயினும், சொன்னவர் யார் என்பதை நாம் மறத்தலாகாது. 1901 முதல் 1903 வரை பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்காவின் சார்பில் ஆண்ட சிவில் கவர்னர் இதே டாஃப்ட்தான். அத்தீவுகளை அமெரிக்கா கைப்பற்றியதை எதிர்த்து, நாட்டிலேயே மிகக் கடுமையாக எழுதிய எழுத்தாளர்களுள் முன்னிற்பவர் இதே ட்வைன்தான். டாஃப்ட் அதை அறியாதவரா? அறிந்தவரே. ஆனால் சாவு வீட்டில் பழைய வழக்கைப் பேசுவது பண்பன்று என்று விட்டுவிட்டார் போலும். அந்த ஒரு நாள் பண்பாடு, பின்னர் அரை நூற்றாண்டு நீடித்ததுதான் வியப்பு. புகழ் பெற்ற ஓர் எழுத்தாளரை அவர் மறைந்த பின் ஒரு நாடு எவ்வாறு நினைவு கூர்ந்தது, எதை மறந்துகொண்டது என்பதே இங்கு நாம் காணப்போகும் பொருள்.

அவருடைய இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ். மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் ஊரில் வளர்ந்தவர். அச்சுக் கோத்தார், பின்னர் ஆற்றில் நீராவிப் படகுகளுக்கு வழிகாட்டியாக உரிமம் பெற்றார். ஆற்றின் ஆழம் பார்ப்பவர்கள், இரண்டு பாகம், அதாவது 12 அடி தண்ணீர் இருக்கிறது என்பதை அறிவிக்கக் கூவும் சொல்லே ‘மார்க் ட்வைன்’. 1863இல் நெவாடாவில் பத்திரிகையாளராக இருந்தபோது அதையே புனைபெயராக்கிக் கொண்டார். 1876இல் வெளிவந்த ‘டாம் சாயர்’, 1884ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்த ‘ஹக்கில்பெரி ஃபின்’ ஆகிய இரு நாவல்களும் அவர் பெயரை நிலைநாட்டின. இவற்றைப் பற்றி நம் வாசகர்கள் அறிவார்கள். ஆகையால் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது அவருடைய கடைசிப் பதினைந்து ஆண்டுகள். 1894இல் அவர் பங்கு கொண்டிருந்த பதிப்பகம் நொடித்துப்போயிற்று. தானாக அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் அவர் கொட்டிய பெரும் பணமும் வீணாயிற்று. சட்டப்படி கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க வழியிருந்தும், கடன் முழுவதையும் அடைப்பேன் என்று உறுதி பூண்டு, 60ஐ நெருங்கும் வயதில் 1895இல் உலகச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஓராண்டு சுற்றினார். 1896ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொழும்பில் இறங்கிப் பின் பம்பாய்க்குச் சென்றார். திரும்பும் வழியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் சென்னையிலும் மீண்டும் கொழும்பிலும் நின்று மொரீஷஸ் சென்றது. கடன் தீர்ந்தது 1898இல். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பயணம் முடிந்து அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, ஊரில் விட்டுவந்த மூத்த மகள் சூசி 1896 ஆகஸ்டில் மூளைக் காய்ச்சலால் இறந்தாள். தந்தை மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் பயணம் கடனை மட்டும் தீர்க்கவில்லை. கண்ணையும் திறந்தது என்று நான் கருதுகிறேன். வெள்ளையர் ஆட்சி என்றால் என்ன என்பதை ஆளப்படும் மக்களின் ஊர்களில் நின்று அவர் பார்த்தார். பூர்வகுடிகள் எவ்வாறு அழிக்கப்பட்டனர் என்பதை ஆஸ்திரேலியாவில் கேட்டறிந்தார். 1897இல் வெளியான பயண நூலில் சிரிப்புக்கு நடுவே கசப்பும் கலந்திருப்பதைக் காணலாம்.

1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தபோது, கியூபா மக்களின் விடுதலைக்கான போர் என்று நம்பி ட்வைன் அதை ஆதரித்தார். ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, இரண்டு கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. தங்கள் விடுதலைக்காக ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த அத்தீவு மக்கள், 1899 பிப்ரவரி முதல் அமெரிக்கப் படையோடு போரிட வேண்டியதாயிற்று. உடன்படிக்கையைப் படித்துப் பார்த்த பிறகே தம் கருத்து மாறியதாக, 1900 அக்டோபரில் நாடு திரும்பியவுடன் செய்தியாளர்களிடம் ட்வைன் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் உபதலைவர்களுள் ஒருவரானார். இறக்கும் வரை அப்பதவியை விட்டாரில்லை.

1901 பிப்ரவரியில் ‘இருளில் அமர்ந்திருக்கும் மனிதனுக்கு’ என்னும் கட்டுரை வெளியாயிற்று. நாகரிகம் என்ற சரக்கை விற்க வரும் வியாபாரிகளைப் பற்றிய எள்ளல் அது. பிலிப்பைன்ஸ் தீவுக்கென்று தனிக் கொடி வேண்டுமானால் சிரமப்பட வேண்டாம், அமெரிக்கக் கொடியிலுள்ள வெள்ளைக் கோடுகளுக்குக் கறுப்பு பூசி, நட்சத்திரங்களை எடுத்துவிட்டு மண்டையோட்டையும் எலும்புகளையும் வைத்தால் போதும் என்று அதில் யோசனை கூறினார். சங்கத்தார் அதைத் தனிச் சிறுநூலாக அச்சிட்டுப் பரப்பினர். பாராட்டுக் கடிதங்களும் வசைக் கடிதங்களும் வந்து குவிந்தன. தேசத் துரோகி என்றவர்களும் உண்டு. தந்தை மகளுக்குப் படித்துக் காட்டலாமா என்பது வேறு. படையெடுத்த அரசு தன் மக்களுக்குப் படித்துக் காட்ட விரும்பாத வரிகள் என்பதில் ஐயமில்லை.

1905இல் பெல்ஜிய மன்னர் லியோபால்டு காங்கோவில் நடத்திய கொடுமைகளைச் சாடி ஒரு சிறுநூல் எழுதினார். அதே ஆண்டில்தான் ‘போர்ப் பிரார்த்தனை’ என்னும் சிறிய கதையும் பிறந்தது. போருக்குப் புறப்படும் இளைஞர்களுக்காகக் கோயிலில் வெற்றி வேண்டி வழிபாடு நடக்கிறது. அங்கே அந்நியக் கிழவர் ஒருவர் நுழைந்து, நீங்கள் வாய்விட்டுக் கேட்ட பாதி இது, சொல்லாமல் கேட்ட மறுபாதியை நான் சொல்கிறேன் என்று தொடங்கி, எதிரி நாட்டு விதவைகளும் அனாதைகளும் படப்போகும் துயரத்தையெல்லாம் பிரார்த்தனையாகவே கேட்கிறார். கூடியிருந்தவர்கள் அவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறார்கள். மாதர் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். பெண்களுக்கான ஏட்டுக்கு இது பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹார்ப்பர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தபடியால் வேறிடத்தில் கொடுக்கவும் எளிதில் வழியில்லை. தம் காலத்தில் அது வெளிவராது என்றும், உண்மை பேச இறந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்றும் நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பெட்டியில் வைத்தார்.

1906 மார்ச் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குத் தொலைவானதன்று. சபாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் சூலு கடலில் ஜோலோ என்னும் தீவு இருக்கிறது. அங்கே புட் டாஜோ என்னும் அவிந்துபோன எரிமலையின் வாய்க்குள் மோரோ இன முஸ்லிம்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, அடைக்கலம் புகுந்திருந்தனர். ஜெனரல் லியோனார்டு வுட் தலைமையிலிருந்த அமெரிக்கப் படை மேலே ஏறிச் சுட்டது. 600 பேர் இருந்தார்கள், ஒருவரும் தப்பவில்லை என்று அன்றைய தந்திச் செய்தி கூறிற்று. எண்ணிக்கை அதனினும் அதிகம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பாராட்டுத் தந்தி அனுப்பினார். நியூயார்க்கில் தம் வீட்டில், பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே, சுருக்கெழுத்தாளரிடம் தம் சுயசரிதையைச் சொல்லிக்கொண்டிருந்த ட்வைன், மார்ச் 12ஆம் நாள் அன்றாடக் கதையை நிறுத்திவிட்டு இச்செய்தியை எடுத்துக்கொண்டார். குழியின் விளிம்பில் நின்று கீழே இருப்பவர்களைச் சுடுவதில் வீரம் எங்கே என்று அவர் கேட்ட கேள்வியை அன்று கேட்டவர்கள் மிகச் சிலர். அதையும் அச்சேற்றவில்லை, மற்ற ஏடுகளோடு பெட்டிக்குள் போயிற்று.

ஏன் அவர் வாழ்நாளிலேயே எல்லாவற்றையும் வெளியிடவில்லை? இங்கே அவரைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானம் புத்தகத்திலிருந்துதான் வந்தது. ஒரு முறை நொடித்துப்போனவருக்கு மறுமுறை அஞ்சுவது இயல்பு. அவரை வெள்ளை உடையில் அன்றி நாம் நினைத்துப் பார்ப்பதில்லை அல்லவா? அந்த வெள்ளை உடையை அவர் 1906 டிசம்பரில் வாஷிங்டனில் அணிந்து சென்றபோதுதான் நாடு வியந்து பார்த்தது. போன காரியம், நூல்களின் பதிப்புரிமைக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்று காங்கிரஸ் குழுவின் முன் வாதாடுவது. தம் பெண் மக்களின் பிழைப்புக்கு வேறு வழியில்லை என்று அங்கே சொன்னார். 1908இல் மார்க் ட்வைன் கம்பெனி என்ற பெயரில் ஒரு நிறுவனத்தையே பதிவு செய்து, தம் பெயரைச் சொத்தாக்கினார். சுயசரிதையின் சில பகுதிகள் நூறாண்டு கழித்தே வரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். கல்லறையிலிருந்து பேசினால் ஒளிவுமறைவின்றிப் பேசலாம் என்பது அவர் எண்ணம். ஆக, பெட்டியைப் பூட்டத் தொடங்கியவர் அவரே. சாவியை யாரிடம் கொடுத்தார் என்பதில்தான் பின்வந்த கதை இருக்கிறது.

மனைவி ஒலிவியா 1904இல் இத்தாலியில் இறந்தார். கடைசி மகள் ஜீன் 1909ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வீட்டிலேயே இறந்துகிடந்தாள். தந்தையும் நான்கு மாதத்தில் போனார். எஞ்சியவர் கிளாரா ஒருவரே. அவர் பாடகி, ஓசிப் காப்ரிலோவிச் என்னும் பியானோக் கலைஞரை மணந்தவர். ஏடுகளைப் பாதுகாத்து வெளியிடும் பொறுப்பு ஆல்பர்ட் பிகலோ பெயின் என்பவரிடம் வந்தது. 1906 ஜனவரியில் வாழ்க்கை வரலாறு எழுத அனுமதி கேட்டு வந்தவர் இவர். வந்தவர் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார். பகலில் சுயசரிதை சொல்லும்போது உடனிருப்பார். மாலையில் கிழவரோடு பில்லியர்ட்ஸ் ஆடுவார். 1912இல் மூன்று பாகங்களாக அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது. நேரில் கேட்டவர் எழுதியதாயிற்றே! பிலிப்பைன்ஸ் பற்றிய கட்டுரையைக்கூட அதில் அவர் மறைத்துவிடவில்லை.

ஆயினும் 1916இல் நடந்ததை மன்னிப்பது கடினம். ‘மர்ம அந்நியன்’ என்ற பெயரில், ட்வைன் விட்டுச் சென்ற கடைசிக் கதை என்று சொல்லி, வண்ணப் படங்களோடு ஒரு நூலை ஹார்ப்பர் நிறுவனத்தார் வெளியிட்டனர். பழைய ஆஸ்திரியக் கிராமம் ஒன்றுக்குச் சாத்தான் என்ற பெயருடைய இளைஞன் வந்து, சிறுவர்களோடு பழகி, மனிதகுலத்தின் பெருமையெல்லாம் எவ்வளவு பொய் என்று காட்டும் கதை. இலக்கிய உலகம் அதை வியந்து ஏற்றது. முதியவரின் இறுதி வாக்கு என்று கல்லூரிகளில் பாடம் சொன்னார்கள். உண்மை என்ன? ட்வைன் இந்தக் கதையை மூன்று முறை, மூன்று விதமாக எழுதத் தொடங்கி, இரண்டை முடிக்காமலே விட்டிருந்தார். பெயினும் ஹார்ப்பர் நிறுவனத்து டுனெகாவும் சேர்ந்து, முடிவுறாத முதல் வடிவத்தை எடுத்து, அதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை வெட்டி எறிந்தனர். கதையில் கெட்டவராக வரும் பாதிரியாரின் தீச்செயல்களைச் சுமப்பதற்காக, ட்வைன் அந்த வடிவத்தில் எழுதவே எழுதாத ஒரு சோதிடனைப் படைத்து உள்ளே நுழைத்தனர். பிறகு வேறொரு வடிவத்தின் கடைசி அத்தியாயத்தைப் பெயர் மாற்றி ஒட்டினர். இவ்வளவும் செய்துவிட்டு, செய்ததாக ஒரு வரி முன்னுரைகூட எழுதவில்லை.

சுருக்குவதும் வெட்டுவதும் குற்றமா என்று கேட்கலாம். வகுப்பறையில் நிற்கும் நாமே தினமும் அதைச் செய்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னபோது, டாம் சாயர் வேலிக்கு வெள்ளையடித்த பகுதியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முன் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தத் தந்திரம் உடனே விளங்கிவிடும். பத்துப் பக்கத்தை இரண்டு பக்கமாக்கித்தான் சொல்லுகிறோம். ஆனால் சுருக்கம் என்று சொல்லிவிடுகிறோம். நம் பழைய ஏடுகளைப் பதிப்பித்த பேரறிஞர்கள் பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டியது எதற்காக? தாம் கொண்ட பாடம் தவறானால், பின்வருபவன் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காகவே. 2011இல் அலபாமா மாநிலத்துப் பதிப்பகம் ஒன்று ‘ஹக்கில்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லை இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நீக்கி, ‘அடிமை’ என்ற சொல்லைப் போட்டு வெளியிட்டது. பதிப்பாசிரியர் ஆலன் கிரிப்பன் கடும் கண்டனத்துக்கு ஆளானார். எனக்கும் அந்த மாற்றத்தில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லின் கொடுமையை மாணவன் உணரவேண்டிய இடத்தில் அது மழுங்கிப்போகிறது. ஆனால் கிரிப்பன் செய்ததை முன்னுரையில் சொல்லிச் செய்தார். மூல நூலும் எங்கும் கிடைக்கிறது. பெயின் செய்ததோ மூலத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு செய்த காரியம்.

பூட்டியதன் நோக்கத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1926இல் ஹார்ப்பர் நிறுவனத்தாருக்கு அவர் வரைந்த கடிதம் பின்னர் வெளிப்பட்டது. தடுக்க முடிகிறவரை ட்வைனைப் பற்றி வேறு எவரையும் எழுதவிடுவது தவறு. அப்படி எழுதத் தொடங்கினால், தாங்கள் காத்துவரும் மார்க் ட்வைன் மங்கி மாறத் தொடங்குவார். அதனோடு நிறுவனத்தின் சொத்து மதிப்பும் குறையும் என்பது அதன் கருத்து. இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்பும் வியாபாரமும் அந்தக் கடிதத்தில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. நினைவு என்பது சொத்து. சொத்துக்குச் சேதம் வரலாகாது! 1924இல் பெயின் வெளியிட்ட சுயசரிதை இரு பாகங்களும் 1935இல் வெளியிட்ட குறிப்பேடும் இந்த எண்ணத்தோடு பொறுக்கி எடுத்தவையே. எனினும் ‘போர்ப் பிரார்த்தனை’யை 1923இல் ஒரு தொகுப்பில் சேர்த்து முதன்முதலாக முழுமையாக அச்சேற்றியவரும் அவர்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இதற்கிடையே ஊர்களும் தம் பங்குக்கு நினைவுச் சின்னம் எழுப்பின. ஹானிபலில் அவர் வாழ்ந்த சிறு வீடு 1912இல் நகரத்தாருக்கு நன்கொடையாக வந்தது. 1926இல் டாம், ஹக் இருவருக்கும் குன்றின் அடியில் சிலை வைத்தார்கள். ஆண்டுதோறும் சூலை மாதம் சிறுவர்கள் வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டி நடக்கிறது. ஹக்கோடு தெப்பத்தில் சென்ற கறுப்பின அடிமை ஜிம்முக்கும், அப்பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்த மனிதருக்கும் அந்த ஊரில் ஒரு நினைவுக்கூடம் திறக்கப்பட்டது 2013இல்தான். கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயின் 1937இல் இறந்தார். அடுத்து வந்த பெர்னார்டு டிவோட்டோ வேறு மனிதர், சண்டைக்கு அஞ்சாதவர். ட்வைனை அவருடைய குடும்பமும் ஊரும் அடக்கிக் கெடுத்துவிட்டன என்று 1920இல் வான் விக் புரூக்ஸ் எழுதிய நூலுக்கு, 1932இல் மறுப்பு நூல் எழுதியவர் இவர். பெட்டியைத் திறந்து பார்த்த டிவோட்டோ, வெளியிடத்தக்கவை எவ்வளவோ கிடக்கின்றன என்று கண்டு, 1939இல் ‘பூமியிலிருந்து கடிதங்கள்’ என்னும் தொகுப்பைத் தயாரித்தார். பூமியைச் சுற்றிப்பார்க்க வந்த சாத்தான், மனிதரின் சமயக் கருத்துகளை எள்ளி நகையாடி வானுலக நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள் அவை. கிளாரா படித்தார். என் தந்தையின் கருத்துகளை இது திரித்துக் காட்டும் என்று தடுத்துவிட்டார். டிவோட்டோ சுயசரிதையிலிருந்து வேறு சில பகுதிகளை மட்டும் 1940இல் வெளியிட்டு, 1946இல் விலகிக்கொண்டார்.

கிளாராவை எளிதில் பழித்துவிடலாம். நான் அதற்கு உடன்படேன். தங்கை, தமக்கை, தாய், தந்தை அனைவரையும் புதைத்துவிட்டுத் தனியே நின்றவர் அவர். ஊரெல்லாம் சிரித்த மனிதர் வீட்டில் எவ்வளவு சீறினார், எவ்வளவு அழுதார் என்பதை அறிந்தவர். சமயப் பற்று மிக்கவரும்கூட. கிறிஸ்துவ விஞ்ஞானம் என்ற பிரிவைச் சார்ந்திருந்தார். அதே பிரிவைத் தாக்கி 1907இல் ஒரு நூலே வெளியிட்டவர் அவருடைய தந்தை! பெற்ற தந்தையை உலகம் வெறுத்துவிடுமோ என்ற மகளின் அச்சம் நமக்குப் புரியாததா? எல்மைராவில் குடும்பக் கல்லறையில் 1937இல் அவர் எழுப்பிய தூணின் உயரம் 12 அடி. இரண்டு பாகம், அதாவது ‘மார்க் ட்வைன்’. அன்பில்லாதவர் இப்படி அளந்து கல் நடமாட்டார். அதைவிட முக்கியம், அவரும் பெயினும் அந்த ஏடுகளைக் கொளுத்திவிடவில்லை. வெளியிட மறுத்தார்கள்; ஆனால் வைத்துக் காத்தார்கள். அதனால்தான் இந்தக் கதையை இன்று எழுத முடிகிறது.

1949இல் டிக்சன் வெக்டர் என்பவர் பொறுப்பில் ஏடுகள் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. 1959இல் சார்லஸ் நைடர் சுயசரிதையைக் கால வரிசைப்படி மாற்றி அமைத்து வெளியிட்டார். நினைத்ததை நினைத்தபோது சொல்லிப் போவதே தம் முறை என்று ட்வைன் வற்புறுத்தியிருக்க, அதைப் பிறப்பு முதல் இறப்பு வரை நூலில் கோத்துவிட்டார் நைடர். சமயம் பற்றிய பகுதிகளை அப்போதும் கிளாரா விடவில்லை. மாஸ்கோ ஏடு ஒன்று, அமெரிக்கா தன் பெரும் எழுத்தாளரை மறைத்து வைத்திருக்கிறது என்று குற்றம் சாட்ட, நைடர் மறுமொழி எழுத, இரு வல்லரசுகளின் பனிப்போரில் கிழவரும் இழுக்கப்பட்டார். தங்கள் நாட்டு எழுத்தாளர் வாயையே கட்டியவர்கள் சொன்னாலும், சொன்னதில் பாதி உண்மை இருக்கத்தானே செய்தது! இறுதியில் கிளாரா இசைந்தார். 1962இல் ‘பூமியிலிருந்து கடிதங்கள்’ வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் கிளாரா இறந்தார். ஏடுகள் பல்கலைக்கழகத்துக்கே உரிமையாயின. 1966இல் பேத்தி நீனாவும் இறக்க, நேர் வாரிசு என்று சொல்ல எவரும் இல்லாமற் போயினர்.

அதன் பிறகு வேலை விரைந்தது. 1963இல் ஜான் டக்கி என்னும் ஆராய்ச்சியாளர் ‘மர்ம அந்நியன்’ கையெழுத்துப் படிகளை எடுத்து, தாள், மை, எழுத்தின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு எது எப்போது எழுதப்பட்டது என்று நிறுவினார். 47 ஆண்டுகளாக உலகம் படித்துவந்தது ஒட்டுப்போட்ட நூல் என்பது அப்போதுதான் வெளியாயிற்று. 1969இல் மூன்று வடிவங்களும் உள்ளபடி அச்சாயின. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1968இல் ‘போர்ப் பிரார்த்தனை’ தனி நூலாக வந்து, போரை எதிர்த்தவர்களின் கைகளில் உலவிற்று. ஏகாதிபத்திய எதிர்ப்பு எழுத்துகளையெல்லாம் திரட்டி ஜிம் சுவிக் 1992இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்.

2010ஆம் ஆண்டு, இறந்து சரியாக நூறாண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சுயசரிதையின் முதற் பாகத்தை, ட்வைன் சொன்ன வரிசையிலேயே, எதையும் நீக்காமல் வெளியிட்டது. அரை அடி கனமுள்ள புத்தகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், அவ்வளவு பெரியது. ஆராய்ச்சி நூலகங்களுக்கென்று எண்ணிப் பதிப்பித்தார்கள். கடைகளில் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறிவிட்டது! இரண்டாம் பாகம் 2013இலும், மூன்றாம் பாகம் 2015இலும் வந்து நூல் நிறைவெய்தியது. 1906 ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை அவர் சொல்லியவை முதற் பாகத்தில் உள்ளன. ஆகவே ஜோலோ எரிமலைவாயில் மாண்டவர்களைப் பற்றி மார்ச் 12ஆம் நாளும் அதைத் தொடர்ந்தும் அவர் பேசியதெல்லாம், அன்று காலை வந்த தபாலைப் பற்றியும் பழைய பள்ளித் தோழரைப் பற்றியும் அவர் பேசியவற்றுக்கு நடுவில், அவர் பேசிய இடத்திலேயே இருக்கிறது.

நூல் வாங்க எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 1916ஆம் ஆண்டு ஒட்டுப் பதிப்புக்குப் பதிப்புரிமை தீர்ந்துவிட்டபடியால், மலிவு விலைப் பதிப்புகளாக இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது. அட்டையில் மார்க் ட்வைன் பெயரே இருக்கும். உள்ளே சோதிடன் ஒருவன் வருகிறானா என்று பாருங்கள். வந்தால் அது பெயின் செய்த நூல். ட்வைன் தாமே முடித்த வடிவம் வேண்டுவோர், ‘எண் 44’ என்று தலைப்பில் தொடங்கும் பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.